முன்வடத்தின் இரண்டு துளைகள்

நான் வேலை செய்த படகு யார்டில் இனிமேல், வடம் இறுக்கும் டர்ன்பக்கிள்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போடப் போகிறார்களாம். படகு வாங்க வருகிறவர்களுக்குப் பார்க்க வடிவாக இருக்குமாம். போன மாதம் நஸீர் தொலைபேசியில் சொன்னான். அவன்தான் இப்போது பாய்மரம் கட்டும் ரிக்கிங் பகுதிக்குப் பொறுப்பு. உறை வேண்டாம் என்று அவன் சொல்கிறான். ஏன் வேண்டாம் என்பது புதிதாக வந்த பிள்ளைகளுக்கு விளங்கவில்லை.

"அக்கா, நீங்க ஒருக்கா வந்து சொல்லுங்களேன்."

"எனக்கு ஆக்கள் முன்னால கதைக்க வராதெண்டு தெரியும்தானே நஸீர்."

"தெரியாம என்ன? இத்தன வருஷமா பக்கத்துல நிண்டு வேல செஞ்சேன். நீங்க கதச்சத எல்லாம் எழுதினா அரைக் கொப்பி வராது. அப்ப எழுதியாவது தாங்க."

அதனால் எழுதுகிறேன்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுவிட்டது. சில வருடம் தையல் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தேன். அது மூடப்பட்ட பிறகு, மட்டக்குளியில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் பாய்மரப் படகு கட்டும் யார்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கூட்டித் துடைக்கிற வேலை கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். சின்னச் சின்னச் சாமான்களைப் பிடித்துப் பழகிய கை என்று ரிக்கிங் பகுதியில் விட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் போதும் என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தேன்.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் சில என்று கம்பிவடங்கள் அதை நாலாபுறமும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு வடத்தின் அடியிலும் ஒரு டர்ன்பக்கிள் இருக்கும். நடுவில் திறந்த கூடுபோல ஓர் உடல். மேலும் கீழும் அதற்குள் போகும் இரண்டு ஆணிகள். ஒன்றின் மரை வலப்பக்கம், மற்றதன் மரை இடப்பக்கம். உடலை ஒரு பக்கம் திருப்பினால் இரண்டு ஆணியும் உள்ளே வந்து வடம் இறுகும். மற்றப் பக்கம் திருப்பினால் தளரும். அவ்வளவுதான் அதன் வேலை.

அது தானாகவும் தளரும் என்பதுதான் எங்கள் தொழில். வடம் முறுக்கிச் செய்தது. காற்று பாயை இழுக்கும்போது அந்த முறுக்கு அவிழப் பார்க்கும். காற்றுக்கு மறுபக்கத்து வடமோ தொய்ந்து நின்று நடுங்கும். இழுபடுவதும் நடுங்குவதும் மாறி மாறி நடக்க, டர்ன்பக்கிள் கண்ணுக்குத் தெரியாமல் திரும்பிக்கொண்டே போகும். நட்டுப் போட்டு இறுக்கினால் போதாதா என்று புதியவர்கள் கேட்பார்கள். போதாது. நட்டும் சேர்ந்து திரும்பும். ஆகையால் ஆணியின் நுனியில் குறுக்காக ஒரு துளை இருக்கிறது. அதற்குள் இரட்டைக்கால் பின் ஒன்றைச் செருகினால், ஆணி திரும்பும்போது பின்னின் கால் கூட்டின் உட்பக்கத்தில் முட்டி நிற்கும். விரல் நீளம்கூட இல்லாத ஒரு கம்பித் துண்டு. பாய்மரம் நிற்பதும் விழுவதும் அதில் இருக்கிறது.

பின்னைச் செருகிய பிறகு இரண்டு காலையும் கொஞ்சமாகத்தான் விரிக்க வேண்டும், கத்தரிக்கோலை இலேசாகத் திறந்த அளவுக்கு. சுருட்டி வளைத்தால் பார்வைக்குப் பலமாகத் தெரியும், ஆனால் கடலில் அவசரத்துக்குக் கழற்ற முடியாது. ஒருமுறை கழற்றிய பின்னை மறுபடி போடக்கூடாது. கால் நுனிகளை அரத்தால் தேய்த்து மழுங்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாய் கிழியும், ஆட்களின் காலும் கிழியும். கடைசியாக மேலே டேப் சுற்ற வேண்டும். அடியில் கொஞ்சம் திறந்து விட வேண்டும், உப்புத் தண்ணீர் வடிந்து போக.

எங்கள் போர்மன் ஜப்பார் நானா. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை முடிந்த படகில் ஏறி, சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து, ஒவ்வொரு டர்ன்பக்கிளின் மேலும் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். எங்காவது பின் நுனியில் நூல் சிக்கினால் எடுக்க மாட்டார். கைலேஞ்சியை அப்படியே தொங்கவிட்டு இறங்கிப் போய்த் தேநீர் குடிப்பார். யார் அந்தப் பின்னைப் போட்டாரோ அவர் போய் எடுத்து, அரத்தால் தேய்த்து, கைலேஞ்சியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்க வேண்டும். யார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதல் மாதம் அந்தக் கைலேஞ்சி என் பின்களில்தான் தொங்கியது. "கொட்டாஞ்சேனையில கொடியேத்திட்டாங்க, பெருநாள் தொடங்கிட்டுது!" என்று பெயின்ட் அடிக்கிறவர்கள் கத்துவார்கள். எனக்கு அழுகை வரும். அழுதுகொண்டே தேய்ப்பேன். பிறகு தொங்காமல் போய்விட்டது. அதற்கு நான் கெட்டிக்காரி என்பதல்ல காரணம். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொரு பாடமும் அவரிடம் கற்றேன். எங்கள் படகு ஒன்று திருகோணமலையில் இரண்டு மாதம் நங்கூரத்தில் நின்றுவிட்டுத் திருத்த வேலைக்கு வந்தது. ஓடவே இல்லை. ஆனால் பாய் ஏற்றும் கயிற்றை மாட்டும் ஷெக்கிள் வளையத்தில் ஆணி இல்லை, எங்கோ கழன்று தண்ணீரில் விழுந்திருந்தது. அந்த ஆணியைக் கம்பியால் கட்டி வைக்காமல் விட்டிருந்தார்கள். "சும்மாதானே நிண்டது நானா, எப்படிக் கழண்டது?" என்று நஸீர் கேட்டான்.

"சும்மா நிக்கிறதுதான்டா ஆபத்து. ஓடுற படக ஆக்கள் பாப்பாங்க. நிக்கிறத ஆரு பாக்கிறது?" என்றார் ஜப்பார் நானா. அன்றிலிருந்து யார்டில் கட்டிக்கிடக்கும் படகுகளையும் தொட்டுப் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம். புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும் முன் சுபநேரம் பார்த்துச் சின்னப் பூசை நடக்கும். அதற்குப் பொறுப்பு தச்சுப் பகுதி விமல் அய்யே, எங்கள் சிங்கள அண்ணன். வத்தளைப் பக்கத்து விகாரையிலிருந்து பௌத்த பிக்குவான ஹாமுதுருவை அழைத்து வருவார். பிரித் ஓதி வெள்ளை நூல் கட்டுவார்கள். பிறகு எங்கள் தமிழ்ப் பெடியன்கள் கோயிலில் வைத்து எடுத்த மஞ்சள் நூலைக் கட்டுவார்கள். நாங்கள் வேதக்காரர்கள் ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வோம். முஸ்லிம் நானாமார் பக்கத்தில் நின்று, முடிந்ததும் கிரிபத் பாற்சோறு சாப்பிடுவார்கள். யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்த்ததில்லை.

நூலைக் கட்டுவது முன்வடத்தின் டர்ன்பக்கிளில். படகின் மூக்கில், நிற்கிறவரின் கைக்கு எட்டும் உயரத்தில் அதுதான் இருக்கிறது. நூல் பிரிந்து ஆடினால் வாங்குகிறவருக்கு அசிங்கமாகத் தெரியும் என்று, பினிஷிங் பகுதிப் பிள்ளைகள் அதன் மேல் வெள்ளை டேப்பை அழகாகச் சுற்றி விடுவார்கள். பல வருடம் இது இப்படியே நடந்தது. எந்தப் பிழையும் வரவில்லை, ஏனென்றால் பூசைக்கு முன்பே நாங்கள் பின் போட்டு முடித்திருப்போம்.

ஒரு படகுக்கு மட்டும் சுபநேரம் முந்தி வந்துவிட்டது. பாய்மரத்தை நிறுத்திய அன்று காலையே பூசை. முன்வடத்தில் இரட்டைக்கால் பின் இன்னும் போடவில்லை. பாய்மரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதைப் படகு மிதந்த பிறகு பார்த்து, அதற்கேற்ப இறுக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அப்போது நான் லீவில் நின்றேன். எங்கள் பங்குத் திருவிழா. படகு மிதந்ததும் நஸீர் மற்ற வடங்களையெல்லாம் இறுக்கிப் பின் போட்டிருக்கிறான். முன்வடத்துக்கு வந்தால் அதில் டேப் சுற்றியிருக்கிறது. எங்கள் பகுதியில் டேப் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். யாரோ முடித்துவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டான். அவன் இடத்தில் யார் நின்றாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நான் வேலைக்குத் திரும்பிய காலை அந்தப் படகு இறங்குதுறையில் கட்டியிருந்தது. மாலைதீவுக்குப் போகிறது. ஆற்று வாயில் மணல்மேடு இருப்பதால் நீர் ஏறும் நேரத்தில்தான் வெளியே போகலாம். அன்று பகலுக்குப் பிறகு அந்த நேரம். ஒரு வெள்ளைக்காரக் கப்டனும் இரண்டு ஆட்களும் போகிறார்கள். இரண்டு பேரில் ஒருவன் அன்டன். ஹெந்தளைப் பெடியன், மீன்பிடிக் குடும்பம், கலியாணம் முடித்து ஒரு பிள்ளை. எங்கள் படகுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவன் தொழில். என்னைக் கண்டால் விட மாட்டான்.

"செல்வியக்கா, கம்பி கழண்டுதோ, நேர உங்கட வீட்டுக்குத்தான் வருவன். மூண்டு நேரமும் சோறு போடவேணும்."

"போடா" என்றேன்.

படகில் ஏறி ஒவ்வொரு டர்ன்பக்கிளாகப் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தேன். பின் இருந்தால் டேப்புக்கு அடியில் இரண்டு சின்ன முட்டுகள் தட்டுப்படும். எல்லாவற்றிலும் தட்டுப்பட்டது. முன்வடத்தில் தட்டுப்படவில்லை. டேப் மெத்தென்று இருந்தது. உள்ளே நூல்.

நான் போய் ஜப்பார் நானாவைக் கூட்டிவந்தேன். அவரும் அமர்த்திப் பார்த்தார்.

"நூல் தடிப்பா ஈக்கு. அதுக்குக் கீழ பின் ஈக்கலாம் புள்ள."

"இல்லாமலும் இருக்கலாம் நானா."

டேப்பின் நுனியைக் கிளப்பிப் பார்த்தேன். வெயிலில் பசை உருகி, நூலும் டேப்பும் ஒன்றாக ஒட்டிப் போயிருந்தது. டேப்பை எடுக்கவேண்டுமென்றால் நூலையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

ஜப்பார் நானா சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்ட கையால அந்த நூல வெட்ட ஏலா. நான் வெட்டினா அது வேற கதையாப் போகும். காலம் அப்பிடி. விளங்குதா புள்ள?"

எனக்கு விளங்கியது. அவர் பயந்தவர் அல்ல. ஆனால் ஹாமுதுரு கட்டிய நூலை ஒரு நானா வெட்டினார் என்ற கதை யார்டு வாசலைத் தாண்டினால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு தமிழ்ப் பெண் வெட்டினாலும் அது நல்ல கதையாக இராது என்று எனக்கும் தெரியும்.

அதற்குள் விமல் அய்யே வந்துவிட்டார். பெரிய மனிதர், எல்லோரோடும் நல்லவர். என் கையில் கத்தியைக் கண்டதும் முகம் மாறியது. டர்ன்பக்கிளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எபா அக்கா. அது வெட்ட வேணாம். கடலுக்குப் போற நாள். நூல் வெட்டினா நல்லம் இல்ல."

"உள்ளுக்கு பின் இருக்கோ எண்டு பார்க்கவேணும் விமல் அய்யே."

"நஸீர் போட்டிருக்கும்தானே?"

நஸீர் தலையைக் குனிந்தான். "டேப் சுத்தி ஈந்திச்சி அய்யே. நான் தொறந்து பாக்கல்ல."

"அப்ப ஹாமுதுருவுக்குச் சொல்லுவம். அவர் வந்து அவிழ்க்கட்டும்."

நல்ல யோசனைதான். நஸீர் உடனே விகாரைக்கு அழைத்தான். ஹாமுதுரு ஒரு தானத்துக்குக் குருநாகல் போயிருந்தார், இரவுதான் வருவார். கப்டன் சுக்கானுக்குப் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அந்த நீர் ஏற்றத்தை விட்டால் அன்று போக முடியாது. அவருக்கு எங்கள் சண்டை என்னவென்றே விளங்கவில்லை. டேப் இருக்கிறது, எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலைக்காரர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காது சூடாகியது. கத்தியை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடலாம், யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் கால் நகரவில்லை. நான் அன்டனைப் பார்த்தேன்.

"அன்டன், போறது நீ. நீ சொல்லு."

அவன் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "அக்கா, வெட்டினாலும் எனக்குப் பயம், வெட்டாட்டியும் பயம்."

"எது கூடப் பயம்?"

கடற்கரைப் பிள்ளைகளுக்கு நூல், தண்ணீர், விளக்கு எல்லாம் விளையாட்டு அல்ல. "தெரியாமப் போறதுதான் கூடப் பயம். திறங்க. எனக்குப் பார்க்கவேணும்."

"விமல் அய்யே, தள்ளுங்க" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தள்ளி நின்றார். சம்மதித்தல்ல, என்னைத் தொட்டுத் தடுக்க அவர் மனம் விடவில்லை.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெட்டினேன். டேப் உரித்த தோல்போல ஒரே துண்டாக வந்தது.

பின் இல்லை. கீழ் ஆணியின் துளைக்குள் வெள்ளை நூல் போயிருந்தது, மேல் ஆணியின் துளைக்குள் மஞ்சள் நூல். கட்டியவர்களுக்கு அந்தத் துளைகள் நூல் கோக்க வசதியாக இருந்திருக்கிறது. கட்டிக்கிடந்த அந்த இரண்டு நாளிலேயே, ஆற்றுத் தண்ணீரின் ஆட்டத்துக்கே, டர்ன்பக்கிள் திரும்பத் தொடங்கியிருந்தது. வெள்ளை நூல் முறுகிப் பாதி அறுந்திருந்தது. வெளிக்கடலில் ஓர் இரவு போதும்.

ஜப்பார் நானாதான் வாய் திறந்தார். "எல்லாரும் புடிச்சிக்கிட்டுத்தான் நிண்டிருக்காங்க. இரும்பு மட்டும்தான் இல்ல."

நஸீர் ஓடிப்போய்ப் புதுப் பின்களை எடுத்து வந்தான்.

நான் மறுபடி இறுக்கினேன். பாய்மரத்தின் சாய்வை ஜப்பார் நானா கீழிருந்து பார்த்துக் கை காட்டினார். இரண்டு ஆணிக்கும் புதுப் பின் போட்டுக் கால் விரித்து, நுனிகளை அரத்தால் தேய்த்தேன். கைலேஞ்சி வழுக்கிக்கொண்டு போனது. பினிஷிங் பகுதிப் பிள்ளை ஒன்று டேப் சுருளை நீட்டியது. வாங்கவில்லை.

"இதுக்கு டேப் இல்ல" என்றேன்.

"பாய் கிழியும் அக்கா."

"கிழியாது. நான் தேய்ச்சிருக்கிறன். போறவன் ஒவ்வொரு நாளும் கண்ணால பார்க்கவேணும்."

ஜப்பார் நானா கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் மறுக்காவிட்டால் அது சரி என்றுதான் எங்கள் பகுதியில் அர்த்தம்.

விமல் அய்யே தளத்தில் கிடந்த நூல் துண்டுகளை, வெள்ளையையும் மஞ்சளையும், ஒன்றுவிடாமல் பொறுக்கினார். வெற்றிலையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் பக்கம் திரும்பவில்லை. படகு நீர் ஏறும்போது வெளியே போனது. மணல்மேட்டைத் தாண்டும்போது மூக்கு ஒருமுறை உயர்ந்து விழுந்தது. அன்டன் முன்வடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டு போனான்.

மாலேயிலிருந்து அவன் அழைக்கும்வரை எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. "அக்கா, நடுவில ரெண்டு நாள் நல்ல காத்து. காலையில எழும்பினதும் பல் தீட்டமுந்தி அந்தப் பின்னத்தான் பார்த்தன். அசையல்ல" என்றான். "ஆனா சாப்பாட்டுக்கு வருவன், அது வேற கணக்கு."

விமல் அய்யே என்னோடு பேசவில்லை. காலையில் வாசலில் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். எனக்குக் கவலையாக இருந்தது. ஆனால் மறுபடி அதே இடத்தில் நின்றால் நான் வேறெதுவும் செய்ய மாட்டேன் என்பதும் தெரிந்திருந்தது. அதனால் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. மனதில் இல்லாததை அவரிடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அடுத்த படகுக்கும் பூசை வந்தது. ஹாமுதுரு வந்துவிட்டார். குத்துவிளக்கு, பால் பானை எல்லாம் தயார். நான் வழக்கம்போலக் கடைசியில், கிரேன் காலுக்குப் பக்கத்தில் நின்றேன். சுபநேரம் நெருங்கியது. விமல் அய்யே தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். குச்சியை உரசாமல் திரும்பி, கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். என்னைக் கண்டதும் எல்லோருக்கும் கேட்க,

"செல்வி அக்கா! பின் போட்டாச்சா?" என்றார்.

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஹாமுதுருவும் பார்த்தார். முன்வடத்தின் மேல் துளையில் பின் போட்டாகிவிட்டது. சுபநேரத்துக்குள் முடியாது, கீழ் துளை பூசை முடிந்த பிறகு என்று நஸீர் சொல்லியிருந்தான். ஓம் என்று சொல்லிவிட்டால் எல்லோரும் திரும்பிவிடுவார்கள்.

"இன்னும் இல்ல. ஒண்டு இருக்கு" என்றேன்.

விமல் அய்யே கடிகாரத்தைப் பார்த்தார். ஹாமுதுருவிடம் குனிந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார். சுபநேரம் எங்களுக்கு முன்னால் வந்து, எங்களைக் கடந்துகொண்டிருந்தது. விமல் அய்யே தீப்பெட்டியை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஹரி, சரி. போட்டுட்டு வாங்க. நாங்க நிக்கிறம்."